தண்ணி தெளிவாத்தானே இருந்துச்சு, மீன் ஏன் செத்துச்சு? அக்வாபோனிக்ஸ் கேள்வி பதில்

மீன் தொட்டித் தண்ணிய ஜல்லி ரொப்புன செடித் தொட்டிக்கு பம்ப் வச்சு ஏத்தி, செடி தனக்கு வேண்டிய சத்த எடுத்துக்கிட்டதும் தண்ணிய திரும்ப மீனுக்கே விடறதுதான் அக்வாபோனிக்ஸ். இதப்பத்தி போன இதழ்ல சும்மா நாலு வரி எழுதினேன், கேள்வியா வந்து குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் இடமில்ல, திரும்பத் திரும்ப வந்தத மட்டும் எடுத்துக்கறேன்.

சார், பழைய ஐபிசி டேங்க் (இரும்புக் கூண்டுக்குள்ள இருக்கற பெரிய பிளாஸ்டிக் டேங்க்) ஒண்ணு வாங்கி, மேல் பாகத்த வெட்டி கவுத்து செடித் தொட்டியாக்கி, கீழ 700 லிட்டர் போர் தண்ணி ரொப்பி அன்னிக்கே 50 ஜிலேபி குஞ்சு விட்டோம். நாலு நாள் நல்லா ஓடிச்சு. அப்புறம் எல்லாம் மேல வந்து வாயப் பொளந்துச்சு, ஒரு வாரத்துல ஒண்ணுகூட மிச்சமில்ல. தண்ணி தெளிவாத்தான் இருந்துச்சு, ஏர் பம்ப்பும் ஓடிச்சு. என்ன தப்பு? (வாசகி, திண்டுக்கல்)

மேடம், தண்ணி தெளிவா இருக்கறதுக்கும் நல்லா இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. மீன் செவுள் வழியா அம்மோனியாவ விட்டுக்கிட்டே இருக்கும், திங்காம கிடக்கற தீவனம் அழுகினாலும் அதேதான் வரும், அது கண்ணுக்குத் தெரியாது, செவுள அரிச்சிடும். அதனாலதான் ஏர் பம்ப் ஓடியும் மூச்சு விட முடியாம மேல வந்திருக்கு. ஜல்லியில ஒட்டி வளர்ற ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவ நைட்ரைட்டா மாத்தும், அதுவும் மீனுக்கு விஷந்தான், இன்னொரு வகை வந்து நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும், அந்த நைட்ரேட்டத்தான் செடி இழுத்துக்குது. கடையிலேர்ந்து வாங்கிட்டு வந்த புது ஜல்லில இது ரெண்டுமே பேருக்குக்கூட இருக்காது. வீடியோ போடற பாதிப் பேரு இதச் சொல்றதே இல்ல, சொன்னா யாரும் அன்னிக்கே மீன் வாங்க மாட்டாங்கல்ல!

அதுபோக உங்க போர் தண்ணி. நம்ம ஊர் போர் தண்ணி பல இடத்துல பிஹெச் (தண்ணியோட அமில, காரத் தன்மையோட அளவு) 8 கிட்ட நிக்கும். அம்மோனியா ரெண்டு ரூபத்துல இருக்கும், ஒண்ணு கடும் விஷம், இன்னொண்ணு அவ்வளவு மோசமில்ல. 30 டிகிரி வெயில்ல பிஹெச் 7-னா மொத்த அம்மோனியால 100-க்கு 1 பங்குகூட விஷ ரூபத்துல இருக்காது, அதுவே பிஹெச் 8-னா 7 பங்குக்கு மேல. அதே தீவனம், அதே மீன், விஷம் மட்டும் பத்து மடங்கு. மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா கலந்துக்கோங்க. பிஹெச்ச இறக்க புளி கரைச்சு ஊத்து, எலுமிச்சம்பழம் பிழினு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

இப்ப என்ன பண்ணணும்னா, மீன் இல்லாம மோட்டார ஓட விடுங்க. தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனத்த சும்மா தண்ணில போடுங்க, அது அழுகி அம்மோனியா வரட்டும். யார் வீட்லயாவது ஆரோக்கியமா ஓடற மீன் தொட்டி இருந்தா அவங்க ஃபில்டர் ஸ்பான்ஜ கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வந்து ஜல்லிக்குள்ள பிழிஞ்சு விடுங்க, பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதான், சீக்கிரம் பிடிச்சுக்கும். டெஸ்ட் கிட் ஒண்ணு கட்டாயம் வாங்கணும், இதுல கஞ்சத்தனம் வேண்டாம். பெரும்பாலான சொட்டு மருந்து கிட்ல குப்பில தண்ணி எடுத்து அம்மோனியா மருந்த விட்டா மஞ்சளா நின்னா நல்லது, பச்சை ஏற ஏற ஆபத்து. முதல்ல பச்சை ஏறும், அப்புறம் அது இறங்கி நைட்ரைட் ஏறும், கடைசியா ரெண்டுமே பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் காட்டும். அன்னிக்கு மீன் வாங்கப் போங்க. 4-லேர்ந்து 6 வாரம் ஆகும். நம்ம சூடு இந்த பாக்டீரியாவுக்கு ஒத்துக்கும், அதனால குளிர் நாட்டுக்காரங்க அளவுக்கு இழுக்காது. செடிய மட்டும் ரெண்டாவது வாரமே வைக்கலாம்.

அப்புறம் 50 மீன் வேண்டாம், 12 போதும். ஏன்னா ஒரு சதுர மீட்டர் கீரை பெட் ஒரு நாளைக்கு 40-50 கிராம் தீவனத்தோட கழிவத்தான் தாங்கும், உங்க பெட் அந்த அளவுதான் இருக்கும். மீன் வளந்து 400 கிராம் ஆனா 12 மீன் கிட்டத்தட்ட 5 கிலோ, எடையில 1 சதவீதம் போட்டாலே 50 கிராம் ஆச்சு. குஞ்சா இருக்கறப்ப தொட்டி காலியாத்தான் தெரியும், அதப் பாத்து ஏமாந்து இன்னும் பத்து வாங்கி விட்டுடாதீங்க.

எந்த ஜல்லி போடறது? களிமண் உருண்டை விலை கட்டுப்படியாகல. (வாசகர், சேலம்)

சாதாரண கருங்கல் ஜல்லியே போதும், 12 எம்எம் இல்லனா 20 எம்எம், ஒரு அடி ஆழத்துக்கு. பவுடர் போற வரைக்கும் நல்லா அலசிடுங்க. ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊத்திப் பாருங்க, நுரை கட்டினா அதுல சுண்ணாம்பு இருக்கு, பிஹெச் இறங்கவே விடாது, வேற லோடு பாருங்க.

பெல் சைஃபன் (செடித் தொட்டி ரொம்பினதும் தண்ணிய ஒரேயடியா கீழ இழுத்து விடற குழாய் அமைப்பு) சரியாவே வேலை செய்யல. தண்ணி மேல வரைக்கும் வந்து சொட்டுசொட்டா வடியுது, சர்ருனு இழுக்க மாட்டேங்குது. (வாசகர், ஈரோடு)

உள்ள வர்ற தண்ணி பத்தல. பம்ப் வால்வ கொஞ்சம் திறந்து விட்டுப் பாருங்க. அதுக்கும் கேக்கலனா உள் பைப் தலையில ஒரு ரெட்யூசர கவுத்து புனல் மாதிரி வைங்க, தண்ணி வெளிய போற முனையில ஒரு எல்போ மாட்டுங்க, தண்ணி பைப்ப முழுசா அடைச்சுக்கிட்டு, வெளிக்காத்து உள்ள வராம சட்டுனு இழுக்கும். மேல் மூடி போட்டிருக்கற எண்ட் கேப் காத்து கசியாம இருக்கணும், அதையும் பாத்துக்கோங்க. இதுக்கு நேரெதிரா சிலருக்கு இழுக்க ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது, அடியில தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், அவங்க வால்வ குறைக்கணும்.

மொட்டை மாடில வைக்கலாமா? (வாசகர், தாம்பரம்)

வேண்டாம், கொல்லைப்புறத்துல தரையில வைக்கறதுதான் நல்லது. ஏறிப் போற மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலைல சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ சுமைதான் கணக்கு. ஒரு மீட்டர் ஒசரத் தண்ணி சதுர மீட்டருக்கு 1000 கிலோ, ஒரு அடி ஈர ஜல்லி 500 கிலோவத் தாண்டும். இஞ்சினியரக் கேக்காம ஒரு வாளிகூட ஏத்தாதீங்க.

என்ன மீன் விடலாம்? பக்கத்துல ஒருத்தர் கெளுத்திக் குஞ்சு மலிவா தர்றேங்கறார். (வாசகர், தஞ்சாவூர்)

ஆப்பிரிக்கக் கெளுத்தியா இருந்தா தொடாதீங்க, அதுக்கு இந்தியால தடை இருக்கு. கட்லா, ரோகு குளத்து மீன், இவ்வளவு சின்ன தொட்டில வளராது. விரால் விட்டா அண்ணன் தம்பியையே முழுங்கும், ஆரம்பத்துல வேண்டாம். கிஃப்ட் திலேபியா (ஜிலேபி மீன்லயே வேகமா வளர்ற ரகம்) நல்லாத் தாங்கும், ஆனா அதுக்கு விதிமுறை இருக்கு, மீன்வளத்துறை ஆபீஸ்ல கேட்டுட்டு அனுமதி வாங்குன பண்ணைலேர்ந்தே குஞ்சு எடுங்க. சைவ வீடுனா கோய், கோல்ட்ஃபிஷ் விடுங்க, கீரைக்கு வித்தியாசம் தெரியாது.

செடி புது இலை மட்டும் மஞ்சளா வருது, நரம்பு பச்சையா இருக்கு. பஞ்சகவ்யம் ஊத்தலாமா? (வாசகி, நாகர்கோவில்)

ஐயோ, தண்ணில ஊத்தவே ஊத்தாதீங்க! அது அழுகறப்ப ஆக்சிஜன உறிஞ்சிடும், மீன் போயிடும், சாணில இருக்கற கிருமி கீரைக்கும் வரும். நீங்க சொல்றது இரும்புச்சத்துக் குறை, மீன் தீவனத்துல அது போதுமான அளவு இருக்காது. உரக்கடைல கீலேட்டட் அயர்ன் கேளுங்க, பிஹெச் 7.5-க்கு மேலனா இடிடிஹெச்ஏனு (EDDHA) போட்டிருக்கறதா பாத்து வாங்குங்க, சாதாரண இடிடிஏ (EDTA) அந்தத் தண்ணில நிக்காது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு போதும், பாக்கெட்ல எத்தனை சதவீதம் இரும்புனு போட்டிருக்கும், அத வச்சு கணக்குப் போட்டுக்கோங்க. தண்ணி செவப்பாயிடும், பயப்படாதீங்க.

கரண்ட் போனா? பில்லு எவ்வளவு வரும்? (பல பேர்)

40 வாட்ஸ் பம்ப் நாள் பூரா ஓடினா ஒரு யூனிட், ரெண்டு மாச பில்லுல 60 யூனிட் கூடும், உங்க ஸ்லாப் மாறுதான்னு மட்டும் பாருங்க. கரண்ட் போறதுதான் பெரிய கவலை, ஏன்னா சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மியாத்தான் நிக்கும். பேட்டரில ஓடற சின்ன ஏர் பம்ப் ஒண்ணு மாட்டி வைங்க. ஈபி மாசாந்திர பராமரிப்புனு அறிவிச்ச அன்னிக்கு காலைல தீவனம் போடாதீங்க, ஒரு நாள் பட்டினி கிடந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு, தண்ணி பம்ப்ப தொட்டி அடியில வைக்காம ஒரு செங்கல் மேல தூக்கி வைங்க. எங்கயாவது பைப் புட்டுக்கிட்டாகூட மீனுக்கு அடியில கொஞ்சம் தண்ணியாவது மிஞ்சும்.

இதுல வருமானம் பாக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ஒரு டேங்க்ல முடியாது. வாரம் நாலு கட்டு அரைக்கீரையும் எப்பவாவது ஒரு மீன் கொழம்பும் வரும்.

கொசு வருமே சார்? (வாசகி, மதுரை)

மீன் இருக்கற தொட்டில வராது, முட்டைப்புழுவ தின்னுடும். தனியா சம்ப் வச்சிருந்தா அதுலதான் வரும், கொசுவலையால மூடி நாலு கப்பி மீன் விட்டுடுங்க.