ரக்பி லீக்கில் விதிகளை மாற்றி மாற்றி ஆட்டத்தைக் கெடுக்கிறார்களா?

இல்லை. முரட்டு மோதல்தான் இந்த ஆட்டத்தின் உயிர் என்கிறீர்கள், சரி. ஆனால் தோள் இடியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை அணைத்தபடி ஒருவர் முழு வேகத்தில் ஓடிவருகிறார். தடுப்பவர் கைகளால் வளைத்துப் பிடிக்காமல், தோளை முன்னே கொடுத்து இடிக்கிறார். குறி ஒரு சாண் தப்பினால் தாடை. தாடையில் படாவிட்டாலும் தலை வெடுக்கென்று பின்னால் போகும். மண்டைக்குள் மூளை குலுங்கும். அந்தக் குலுக்கலைத் தலைக்கவசத்தால் தடுக்க முடியாது. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் தொடரான என்ஆர்எல் 2013 பருவத்திலிருந்து தோள் இடியைத் தடை செய்தது.

விதி மட்டும் போதாது. 2014-ல் என்ஆர்எல் ஆட்டம் ஒன்றில் மூன்று பேர் சேர்ந்து மடக்கியதில் அலெக்ஸ் மெக்கின்னன் என்ற வீரர் தலைகீழாக விழுந்தார். கழுத்து முறிந்து, 22 வயதில் சக்கர நாற்காலிக்குப் போனார். ஆளைத் தூக்கிக் கவிழ்ப்பது அப்போதே குற்றம்தான்!

2021 மே மாதம் தலையில் படும் தடுப்புகளுக்கு நடுவர்கள் கடுமை காட்டியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். நான் நடுவர்கள் பக்கம். அப்புறம் 2023-ல், மூளை அதிர்ச்சி கண்டவருக்குப் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஓய்வு என்றார்கள்.

எனக்கு உறுத்துவது 2020-ல் ஆட்டத்தை வேகமாக்கக் கொண்டுவந்த 'மறுபடி ஆறு' விதிதான். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு முறை மடக்கப்படும்வரை வாய்ப்பு; மடக்கிய இடத்தில் தடுப்பவர் தவறு செய்தால், ஆட்டத்தை நிறுத்தாமல் அந்த ஆறை முதலிலிருந்து எண்ணுவார்கள். மூச்சு வாங்க நேரமில்லாமல் களைத்தவர் குனிந்து பிடிக்க மாட்டார். கை தானாக மேலே போகும்.