குளவி முதலிலா, பூஞ்சணம் முதலிலா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒட்டுண்ணிக் குளவியையும் பூச்சி கொல்லும் பூஞ்சணத்தையும் பற்றியவை. விவசாயத் திணைக்களத்தார் ‘பங்கசு’ என்று எழுதுவதைத்தான் இங்கே பூஞ்சணம் என்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இரண்டு ஏக்கரில் சோளம் போட்டிருக்கிறேன். படைப்புழுவுக்குக் குளவி அட்டை கட்டு என்கிறார் ஒருவர், பூஞ்சணத் தூளைக் கரைத்து அடி என்கிறார் இன்னொருவர். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் என்ன? (கரடியனாறு)

ஒரே நாளில் வேண்டாம் தம்பி. இரண்டுமே உங்கள் சோளத்துக்கு உதவும். ஆனால் எதை எப்போது செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அட்டையில் ஒட்டியிருக்கும் முட்டைகளிலிருந்து வருவது டிரைக்கோகிரம்மா என்ற குளவி. அரை மில்லிமீற்றர்தான் இருக்கும். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் அது தன் முட்டையை வைத்துவிடும். மூன்று நான்கு நாளில் அந்த முட்டை கறுத்துப் போகும். எட்டுப் பத்து நாளில் அதிலிருந்து புழுவுக்குப் பதிலாகக் குளவி வெளிவரும். பூஞ்சணம் வேலை செய்யும் விதம் வேறு. அதன் வித்தி, அதாவது விதை போன்ற நுண்துகள், புழுவின் தோலில் ஒட்டி, ஈரம் இருந்தால் ஒரு நாளளவில் முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே பரவும். புழு சாக நான்கு முதல் பத்து நாள் ஆகலாம். குளவி முட்டையைப் பார்த்துக்கொள்கிறது, தப்பிப் பொரித்த குஞ்சுப் புழுவைப் பூஞ்சணம் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது என்பதுதான் இந்தச் சோடியின் பலம்.

சிக்கல் வளர்ந்த குளவியில் இருக்கிறது. அதுவும் பூச்சிதான். வித்தி கலந்த ஈரம் மேலே பட்டால் அதற்கும் ஆபத்து. அதனால் அட்டையை முதலில் கட்டுங்கள். துண்டு துண்டாக வெட்டி, இலையின் அடிப்பக்கத்தில், எறும்பு ஏறாத இடமாகப் பார்த்து, மாலையில் கட்ட வேண்டும். நான்கைந்து நாள் கழித்து, முட்டைகள் கறுக்கத் தொடங்கியதைக் கண்ட பிறகு, பூஞ்சணத்தை நான்கு மணிக்குப் பின் குருத்துக்குள் இறங்கும்படி தெளியுங்கள். குருத்துக்குள் நிழலும் ஈரமும் இருக்கும், புழுவும் அங்கேதான் இருக்கும். அடுத்த அட்டைக்கு இன்னும் ஐந்தாறு நாள் பொறுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படைப்புழு தன் முட்டைகளை நூறு இருநூறாக அடுக்கி, மேலே மயிர் போர்த்தி வைக்கும். டிரைக்கோகிரம்மாவுக்கு அடி அடுக்கு எட்டாது. டெலினோமஸ் என்ற குளவி அடி அடுக்கு வரை போகும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அட்டை கேட்கும்போது எந்தக் குளவி என்றும் கேளுங்கள். புழு விரலளவு தடித்த பிறகு பூஞ்சணத்தை நம்பிப் பயனில்லை. அந்த நிலையில் கையால் பிடித்து நசுக்குவதே மேல்.

கேள்வி: சோளக் குருத்தில் செத்து விறைத்த புழுக்களைக் கண்டேன். மேலே வெளிறிய பச்சை மாப் பூசியது போல் இருக்கிறது. பயிருக்கு வந்த நோயா? (வாகரை)

பயிருக்கு இல்லை, புழுவுக்கு வந்த நோய். மெற்றாரைசியம் ரைலி என்ற பூஞ்சணம் மழைக்காலத்தில் தானாகவே வரும். அந்தப் புழுக்களைப் பிடுங்கி எறியாதீர்கள். அந்தப் பச்சை மா முழுவதும் வித்திகள்தான். காற்று அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டு போகும். அந்த வாரம் மருந்தடிக்கவும் வேண்டாம்.

கேள்வி: தென்னோலையின் அடியில் வெள்ளை ஈ, மேலே கரி பூசியது போன்ற கறுப்பு. இந்தக் கறுப்புத்தான் நீங்கள் சொல்லும் பூஞ்சணமா? குளவி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? (களுவாஞ்சிக்குடி, திருக்கோவில்)

கறுப்பு அது அல்ல. வெள்ளை ஈ கழிக்கும் தேன் போன்ற பாணியில் வளரும் கரும்பூஞ்சணம் அது. ஈயை அது தொடாது. ஓலைக்கு வெயில் படாமல் மறைப்பதே அது செய்யும் கெடுதி. ஈ குறைந்தால் அதுவும் காய்ந்து உதிரும்.

குளவியைப் பார்க்க ஒரு கைவில்லை போதும். அடி ஓலை ஒன்றை வெட்டி, ஈர்க்கின் இரு பக்கமும் அந்த மெழுகுத் தூளை மெல்ல ஊதிவிட்டுப் பாருங்கள். வெளிர்மஞ்சளாகத் தட்டையாக ஒட்டியிருப்பவை ஈயின் குஞ்சுகள். அவற்றிடையே கறுத்துப் போனவை இருந்தால் உள்ளே என்காசியா குளவி வளர்கிறது. வெறும் கூடுகளையும் பாருங்கள். வட்டமான ஓட்டை இருந்தால் குளவி துளைத்து வெளியேறியது. வட்டமாக இல்லாமல், குறுக்கும் நெடுக்குமாக வெடித்த கீறல் இருந்தால் ஈ வெளியேறியது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் எந்தத் தென்னைக்கும் எதையும் தெளிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கறுத்தவை நிறைய இருந்தால் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சி ஓலையைக் கழுவுவதோடு நிறுத்துங்கள். இன்னும் நல்லது, கறுத்தவை உள்ள ஓலைத் துண்டுகளை வெட்டிக் குளவி இல்லாத மரங்களில் கட்டிவிடுவது. கறுத்தவையே இல்லை, ஈ மட்டும் மூடிக் கிடக்கிறது என்றால் பூஞ்சணத்துக்கு இடம் உண்டு. இந்தியத் தென்னந்தோப்புகளில் இதற்கு ஐசாரியா என்ற பூஞ்சணத்தைத் தெளித்து, என்காசியாவையும் காத்துக்கொள்கிறார்கள். குளவி வைத்து ஒன்றிரண்டு நாளான ஈக்குஞ்சில் பூஞ்சணம் பட்டால் இரண்டும் போய்விடும். சில நாள் கடந்து குளவிப் புழு உள்ளே ஊன்றிவிட்டால் பெரும்பாலும் அது தப்பிவிடும். கண்ணாடிக் கூடப் பயிர்களின் வெள்ளை ஈயில் இதை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள்.

கேள்வி: வேளாண்மையில் அறக்கொட்டி. கடையில் சொன்ன மருந்தை அடித்தோம், பதினைந்து நாளில் இரண்டு மடங்காக வந்துவிட்டது. பூஞ்சணம் அடித்தால் நிற்குமா? (சம்மாந்துறை, வெல்லாவெளி)

இதைப் படிக்கும்போது மனம் வருந்துகிறது. ஏனென்றால் இது முன்பே நடந்து, எழுதியும் வைக்கப்பட்ட கதை. அறக்கொட்டி என்னும் கபில நிறத் தத்தி முட்டையை நெல்லின் இலைமடலுக்குள் செருகிவிடும். மருந்து அங்கே போகாது. வயலில் தானாக இருக்கும் அனாக்ரஸ் என்ற நுண்குளவி அந்த முட்டையைத் தேடிப் போய்க் கெடுக்கும். சிலந்தி, தத்தியைப் பிடித்துத் தின்னும். நீங்கள் அடித்த மருந்தில் குளவியும் சிலந்தியும் செத்தன, முட்டை பிழைத்தது. பொரித்து வந்தவற்றைத் தடுக்க வயலில் ஒருவரும் இல்லை. இந்தோனேசியாவில் இதே தத்தியால் நெல் பாழானபோது, 1986இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

பூஞ்சணம் உதவும். பெவேரியாவும் மெற்றாரைசியமும் தத்தியைத் தாக்கும். பயிர் அடர்ந்த பின் அடித்தூரில் எப்போதும் ஈரம் இருப்பதால் அங்கே அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இலைநுனியில் தெளித்தால் கூலி வீண். முனையைத் தாழ்த்தி அடித்தூரில் படும்படி அடியுங்கள். வயலில் நிற்கும் நீரை இரண்டு மூன்று நாளுக்கு வடியுங்கள், யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். ஏற்கெனவே வட்டமாகக் கருகிய இடத்தை எதுவும் திருப்பித் தராது.

அடுத்த போகத்துக்கு: விதைத்த முதல் நாற்பது நாள் பூச்சிமருந்தைத் தொடாதீர்கள். வரம்பில் எள்ளோ கௌபியோ போடுங்கள். வளர்ந்த குளவிக்கு உணவு பூந்தேன். பக்கத்து வயல்காரர் மருந்தடித்தால் உங்கள் குளவியும் சாகும் என்பதால், கண்டம் (வயற்பரப்பு) முழுவதற்குமாகக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் பேசித் தீர்மானிக்க வேண்டிய விடயம் இது.

கேள்வி: கச்சான் காற்றுக் காலத்தில் பூஞ்சணம் அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தூள் பழுதா? (அக்கரைப்பற்று)

தூள் நல்லதாகவே இருந்திருக்கலாம். காய்ந்த காற்றும் வெயிலும் வித்தியை முளைக்க விடுவதில்லை. சிறுபோகத்தில் மேட்டுப் பயிருக்குக் குளவியையும், மாரியில் பூஞ்சணத்தையும் முன்னே வையுங்கள் என்பது என் துணிபு. பொதியைத் தகரக் கூரையின் கீழே வைத்திருந்தீர்களா என்றும் பாருங்கள். குளிரான நிழலில் வைக்க வேண்டும். காலாவதித் திகதியையும், பீடைநாசினிப் பதிவாளரின் பதிவு இலக்கத்தையும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மிளகாய்க்குப் பங்கசுநாசினியும் பூச்சி கொல்லும் பூஞ்சணமும் ஒரே தாங்கியில் கலக்கலாமா? (களுதாவளை)

கூடாது. பங்கசுநாசினி பயிர்நோய்ப் பூஞ்சணத்தையும் உங்களுக்கு உதவ வந்த பூஞ்சணத்தையும் சேர்த்தே கொல்லும். ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். தாங்கியையும் நன்றாகக் கழுவுங்கள்.

கேள்வி: வெளியூர்க் குளவியைக் கொண்டுவந்து விட்டால் அதுவே பீடையாகாதா? பிள்ளைகளைக் கொட்டாதா? (ஏறாவூர்)

கொட்டாது அம்மா. இவற்றின் ஊசி முட்டையிட மட்டுமே, பல இனங்கள் கண்ணுக்கே தெரியாது. பீடையாகாதா என்பது நல்ல கேள்வி. அதற்காகத்தான் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் தென்னோலைச் சுரங்க வண்டுக்கு எதிராகச் சிங்கப்பூரிலிருந்து டிமொக்கியா என்ற குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 2008இல் பப்பாசியில் வந்த வெண்மூட்டுப் பூச்சிக்கு அடுத்த ஆண்டே புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற குளவி வந்தது. இரண்டும் தத்தம் பீடையை அடக்கின. இன்று எத்தனை வீட்டு முற்றத்தில் பப்பாசி காய்க்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: கத்தரியில் குருத்தும் காயும் துளைக்கும் புழுவுக்கு? (செட்டிபாளையம்)

புழு உள்ளே இருப்பதால் பூஞ்சணம் அதனிடம் போய்ச் சேர்வது கடினம். வாடிய குருத்தை வாரம் இருமுறை கிள்ளுங்கள், ஆனால் எரிக்க வேண்டாம். இந்தப் புழுவைத் தாக்கும் திராத்தலா என்ற குளவி நம் நாட்டிலேயே இருக்கிறது. கிள்ளிய குருத்துகளை வாளியில் போட்டு, அந்துப்பூச்சி நுழைய முடியாத, ஆனால் மெல்லிய குளவி நுழையக்கூடிய கண்ணளவுள்ள வலையால் வாயைக் கட்டித் தோட்டத்து மூலையில் நிழலில் வையுங்கள். குளவி வெளியே வந்து கத்தரிக்குத் திரும்பும், அந்துப்பூச்சி உள்ளேயே செத்துவிடும். வலையின் கண் சரிதானா என்பதை முதல் வாளியிலேயே பார்த்துவிடலாம். அந்துப்பூச்சி வெளியே போனால் இன்னும் நெருக்கமான வலைக்கு மாற்றுங்கள்.