பீர் மட்டும் என்றால் பரவாயில்லையா?

கேள்வி: வயது 46. நான்கு வருடமாகக் கால் குடைச்சல். ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்’ என்று சொல்லி நரம்பியல் டாக்டர் ராத்திரிக்குக் காபாபென்டின் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பழைய நண்பர்களோடு உட்காருவேன். இரண்டு லார்ஜ், அதற்கு மேல் போவதில்லை. அன்று மட்டும் இரண்டு மணிக்குக் கால் உலுக்கி எழுப்பிவிடுகிறது. விடியும்வரை மொட்டை மாடியில் நடக்கிறேன். வேண்டாம் என்றால், “கால் ஆடுறதுக்கெல்லாம் வியாதின்னு பேரு வச்சுட்டானா?” என்று கிண்டல். அன்றைக்கு மாத்திரையை விட்டுவிட்டுக் குடிக்கலாமா? இல்லை, பீருக்கு மாறிவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: ‘அன்று மட்டும்’ என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டு எங்களிடம் எதற்குக் கேட்கிறீர்கள்? நான்கு வருடம் உங்கள் காலைக் கவனித்தவர் நீங்கள்.

முதலில் பீர் கணக்கு. இரண்டு லார்ஜ் என்பது 120 மில்லி. நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே போட்டிருக்கும். ஆக, உள்ளே போவது சுமார் 51 மில்லி சாராயம். ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில் 650 மில்லி. 8 சதவீதம் என்று வைத்தால் 52 மில்லி. மாறி என்ன லாபம்? ஒரு மில்லி கூடுதல். போதாததற்கு, பீர் குடித்தவருக்கு ராத்திரியில் எழுந்துபோக இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும்.

அந்த இரண்டு மணிக்கும் காரணம் இருக்கிறது. சாராயம் படுத்தவுடன் ஆளை அமுக்கிவிடும். நாலைந்து மணி நேரத்தில் உடம்பு அதைக் கரைத்து முடிக்கும்போது தூக்கம் துண்டு துண்டாக உடையும். உங்கள் நோயோ ஆள் அசையாமல் கிடக்கும் ராத்திரியில்தான் தலைதூக்கும். அரைத் தூக்கத்தில் கிடப்பவரை விட்டுவைக்குமா? எல்லாருக்கும் ஒரே அளவில் இப்படி ஆவதில்லை. சிலருக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறையும், இந்த நோயைக் கிளறிவிடுபவை என்று மதுவையும் காபியையும் சேர்த்தே சொல்கிறது. சில அலர்ஜி மாத்திரைகளும் அதே கூட்டாளிகள்தான். மறுநாள் காலை குமட்டுகிறது என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறோமே மெட்டோகுளோபிரமைடு, அதுவும் குடைச்சலைக் கூட்டும்.

மாத்திரையை விட்டுவிட்டுக் குடிக்கும் யோசனைதான் எங்களுக்குக் கோபம் வரவழைத்தது. காப்பாற்றும் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திருடனுக்கு விருந்து வைப்பார்களா? சரி, இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்று தோன்றினால், அது இதைவிட மோசம். காபாபென்டினும் சாராயமும் இரண்டுமே மூளையை மந்தப்படுத்துபவை. சேர்ந்தால் மயக்கம் கூடும், நிதானம் தவறும், மூச்சே தளரலாம். குறட்டை விடுகிறவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குடிப்பதை டாக்டரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள். அடுத்த முறை சொல்லுங்கள், எத்தனை லார்ஜ் என்பதையும் சேர்த்து.

இனி அந்தக் கிண்டல். பேரை இன்று நேற்று வைக்கவில்லை. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672இலேயே இதை எழுதிவைத்தார். இந்த நோயாளிகள் சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவரைப் போலத் தூங்க முடியாமல் தவிக்கிறார்கள் என்பது அவர் சொன்னது. ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் எக்போம் 1940களில் இப்போதைய பேரை வைத்தார். ஆனால் இதையெல்லாம் நண்பர்களிடம் விளக்க உட்காராதீர்கள். ‘காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது’ என்று திட்டு வாங்கி வளர்ந்த தலைமுறை நாம், சிரிக்கத்தான் செய்வார்கள். “மாத்திரை போடுறேன், ஒத்துக்காது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பேச்சை யாருடைய பழைய காதலுக்காவது திருப்பிவிடுங்கள். மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு உங்கள் கிளாஸில் என்ன இருக்கிறது என்று பார்க்க அங்கே யாருக்கும் கண் இருக்காது.

மூன்று மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்காருவதே உங்கள் காலுக்கு ஆகாது. சுவரோரம் மாட்டிக்கொள்ளாமல் எழுந்துபோக வசதியான இடமாகப் பிடியுங்கள். ஐஸ் வாங்கிவரும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நாலு நடை நடந்த மாதிரி இருக்கும்.

ஒன்று விட்டுப்போயிற்று. ரத்தத்தில் ஃபெரிட்டின் எவ்வளவு என்று பார்த்தார்களா? உடம்பில் இரும்புச்சத்து இருப்பைச் சொல்லும் கணக்கு அது. மற்றவர்களுக்கு 40 என்றால் லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே வரும். இந்த நோய்க்காரர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பதைப் பற்றி டாக்டர்கள் யோசிக்கிறார்கள். நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். சைடு டிஷ்ஷில் ஆட்டு ஈரல் வறுவல் வந்தால் மட்டும் தட்டை உங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளலாம், லெமன் சோடாவோடு.