மாடியில் ஈயம் உருக்குகிறேன், வயிறு வலிக்கிறது

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 33, தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். டயர் கடைகளில் கழற்றிப் போடும் வீல் பேலன்ஸ் வெயிட், காயலாங்கடையில் கிடைக்கும் பழைய கேபிள் ஈயம் எல்லாம் வாங்கி, மொட்டை மாடியில் இரும்புச் சட்டியில் உருக்கி, வலைக்கு ஈயக்குண்டு வார்த்துக் காசிமேட்டில் கொடுக்கிறேன். மிச்சத்தைக் கட்டியாக விற்றுவிடுவேன். இரண்டு வருடமாக நடக்கிறது. மூன்று மாதமாக வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறது, மலச்சிக்கல், கையெல்லாம் அசதி. கர்சீப் கட்டிக்கொண்டுதான் உருக்குகிறேன், முடிந்ததும் பாலும் வெல்லமும் சாப்பிடுகிறேன். போதாதா? பேட்டரித் தகடு மலிவாக வருகிறது, எடுக்கலாமா? அம்மா தன் பித்தளைப் பாத்திரத்துக்கு இந்த ஈயத்தையே பூசித் தரச் சொல்கிறார். வீட்டில் மனைவி, 2 வயது மகள்.

பதில்: தம்பி, மகளைக் கடைசி வரியில், விலாசம் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அவளிடமிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகச் சின்னக் குழந்தைகள் உறிஞ்சிக்கொள்வார்கள், அது போய்த் தாக்குவது வளர்ந்துகொண்டிருக்கிற மூளையை. உங்களுக்காவது வயிறு வலித்துச் சொல்கிறது. அவளுக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது, நன்றாக ஓடி விளையாடுவாள், பள்ளிக்கூடம் போன பிறகு படிப்பில் கவனம் நிற்கவில்லை என்று டீச்சர் சொல்லும்போதுதான் யோசிப்போம்.

அவள் மாடிக்கே வருவதில்லை என்பீர்கள். வரவே வேண்டாம். எல்லோரும் புகைக்குத்தான் பயப்படுகிறார்கள், கண்ணுக்குத் தெரிகிறதே. ஆனால் அந்தக் கறுப்புப் புகையில் பெரும்பாலும் வெயிட்டில் ஒட்டியிருக்கிற எண்ணெய்யும் ரப்பரும்தான். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். சட்டியை அதற்கு மேல் காய்ச்சக் காய்ச்ச ஈய ஆவியும் கூடும், அதைக் கர்சீப் நிறுத்தாது. அதைவிடப் பெரிய வில்லன், மேலே ஆடை மாதிரி மிதக்க, கரண்டியால் வழித்துப் போடுகிறீர்களே, அந்தச் சாம்பல் நிறக் கசடு. மாவு மாதிரி இருக்கும். நகக்கண்ணில், சட்டை மடிப்பில், செருப்படியில் ஒட்டிக்கொண்டு படியிறங்கி வீட்டுக்குள் வரும். நீங்கள் மகளைத் தூக்குகிறீர்கள், அவள் உங்கள் சட்டைக் காலரைப் பிடித்துச் சப்புகிறாள். அவ்வளவுதான்.

சரி, உங்கள் வயிற்றுக்கு வருவோம். சுருட்டிப் பிடிக்கிற வலி, மலச்சிக்கல், கை அசதி, இதோடு ஈயம் உருக்கும் வேலை என்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை ஈயம்தான் என்று நினைக்க வேண்டும். ஆனால் வயிற்று வலி என்று வருபவரிடம் 'என்ன வேலை செய்கிறீர்கள்' என்று நாங்களே பல சமயம் கேட்பதில்லை. பேட்டரி பிரிக்கும் வேலையில் இருந்த ஒருவருக்கு நானே ஆறு மாதம் அல்சர் மாத்திரை கொடுத்திருக்கிறேன், ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. கடைசியில் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்த லேப் அம்மாதான் சிவப்பணுக்களில் பொடிப்பொடியாக நீலப் புள்ளி இருக்கிறதே, இவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டார், அந்தப் புள்ளி ஈயம் ஏறியதன் அடையாளம். எனக்கு இன்றும் வெட்கம்தான். அதனால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஓ.பி.க்குப் போனாலும் பக்கத்து கிளினிக்குக்குப் போனாலும், டாக்டர் கேட்காவிட்டாலும், ஈயம் உருக்குகிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும், கூடவே ஹீமோகுளோபின், சிறுநீரகச் சோதனை. நீங்கள், மனைவி, மகள் மூன்று பேருக்கும். நரம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே எண்ணிக்கையை ஏற்றிவிடும். டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்லி 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது. 5-க்குக் கீழே என்றால் பத்திரம் என்று அர்த்தமில்லை, பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. குழந்தைக்கு 45-ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும். அந்த மருந்தை நீங்களாக வாங்காதீர்கள், உருக்கிக்கொண்டே சாப்பிடவும் கூடாது. உருக்குவதை நிறுத்தினாலே ரத்தத்தில் இருப்பது படிப்படியாக இறங்கும். எலும்பில் போய் ஒளிந்துகொண்டது வருடக்கணக்கில் இருக்கும், கர்ப்ப காலத்தில் அது ரத்தத்துக்குத் திரும்பி வந்து வயிற்றுக் குழந்தையையும் சேரும், அடுத்த குழந்தை யோசனை இருந்தால் மனைவியின் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாலும் வெல்லமும் ஈயத்தை இழுத்துக்கொண்டு வெளியே வராது. கால்சியமும் இரும்புச்சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும், காலி வயிறும் அப்படித்தான், அதனால் மகளுக்குப் பால், முட்டை, முருங்கைக்கீரை தாராளமாகக் கொடுங்கள். சாப்பாடாகத்தான், மாற்று மருந்தாக இல்லை.

இன்றைக்கே மாடி அடுப்பை நிறுத்துங்கள். கசடு மூட்டையை வாயைக் கட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பிரிக்காமல் அப்படியே அனுமதி பெற்ற ஈய மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். துடைப்பத்தைத் தொடாதீர்கள், பறக்கும். மாடி, படி, வாசல் எல்லாம் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பிழைப்பு என்னாவது என்பீர்கள். வாங்கி, தரம் பிரித்து, எடை போட்டு விற்பதோடு நிறுத்தினால் ஆபத்து பெருமளவு குறையும், அப்போதும் குளித்து உடை மாற்றிய பிறகுதான் மகளைத் தூக்க வேண்டும். லாபம் குறையும், தெரியும். (திறந்த மாடியில் உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு மழை விழுந்தால் முகத்தில் தெறிக்கும், அது வேறு.)

பேட்டரித் தகடு வேண்டவே வேண்டாம். அதில் அப்பியிருக்கும் பசையே ஈயப் பொடிதான், போதாக்குறைக்கு ஆசிட். அனுமதியில்லாமல் பேட்டரி பிரிப்பது 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி சட்டப்படியும் தப்பு.

அப்புறம் அம்மாவின் பாத்திரம். பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் வெள்ளீயம். நீங்கள் உருக்குவது காரீயம். பெயரில்தான் ஒட்டு, இரண்டும் வேறு வேறு உலோகம். காரீயம் பூசிய பாத்திரத்தில் புளியைக் கரைத்து ஊற்றினால் ஈயமும் சேர்ந்து கரையும். வெள்ளீயம்தானா என்று கேட்டு, நம்பிக்கையான ஆளிடம் பூசக் கொடுங்கள். அதுவரை அம்மா எவர்சில்வரிலேயே ரசம் வைக்கட்டும், வாசம் கொஞ்சம் குறைகிறது என்று சொல்வார், பரவாயில்லை.