போகப் போகிறவள்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 32. திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊர். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து ஒன்பது வருடம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்தேன். கடைசி ஐந்து வருடம் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம். இப்போது வேலையில் இல்லை. ஜப்பானுக்குப் போகக் காத்திருக்கிறேன். இதைச் சொல்லிச் சொல்லி வாயே கசந்துவிட்டது.

அங்குள்ள நகராட்சிப் பள்ளிகளுக்கு ஆங்கில உதவி ஆசிரியர்களை அனுப்பும் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போன வருடம் விண்ணப்பித்தேன். இரண்டு வீடியோ நேர்காணல், ஒரு மாதிரி வகுப்பு. எதிரில் பிள்ளைகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து ஆடிப்பாடி ஆப்பிள், ஆரஞ்சு சொல்லிக் கொடுத்தேன். அக்டோபரில் தேர்வாகிவிட்டேன் என்று மெயில் வந்தது. அங்கே பள்ளிக்கூட வருடம் ஏப்ரலில் தொடங்கும், அதற்குத் தயாராக இருங்கள் என்றார்கள். பன்னிரண்டு வருடம் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்டார்கள். அதற்காக நான் படித்த பள்ளிக்கு நாலு நடை நடந்தேன். போர்ஷனை முடித்துக் கொடுத்துவிட்டு பிப்ரவரியில் வேலையை விட்டேன். பள்ளியில் கூட்டம் போட்டு சால்வை போர்த்தினார்கள். பிள்ளைகள் ‘சயோனாரா மிஸ்’ என்று போர்டு முழுக்க எழுதி வைத்திருந்தார்கள்.

மார்ச்சில் இன்னொரு மெயில். உங்களுக்கான இடம் உறுதியாகவில்லை, காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறோம் என்று இரண்டே வரி. சால்வை போர்த்தியவர்களை இப்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.

வீட்டில் நிம்மதி இல்லை. அம்மா தினமும் காலையில் காபியோடு ஒரு கேள்வியையும் கொண்டு வருவார். "ஏதாச்சும் தகவல் வந்துச்சா?" பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் என்று இதுவரை மூன்று தடவை போட்டுவிட்டார். மூன்று தடவையும் நான் போகாததால் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாயிற்று. "பொடி வாசம் போயிடும்டி, தேதி தெரிஞ்சா அதுக்குத் தக்க அரைக்கலாம்" என்கிறார். என் வாழ்க்கையைப் பொடி டப்பாவை வைத்து அளக்கிறாரே என்று அழுகை வருகிறது.

அண்ணன் அதற்கு மேல். என் டிக்கெட்டுக்கும், முதல் சம்பளம் கைக்கு வரும்வரை அங்கே ஆகும் செலவுக்கும் என்று இரண்டு லட்சம் எடுத்து வைத்திருந்தான். போன மாதம் வந்து, "அது இப்போதைக்கு வேணுமா, இல்ல மாடித் தளத்துக்கு எடுக்கவா, பின்ரூம் ஒழுகுது" என்று கேட்டான். எவ்வளவு அவமானம் பாருங்கள். நான் போகவே மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டான் என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து அவனோடு சரியாகப் பேசவில்லை.

சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் "இன்னும் போகலையா?" ஒரு நல்லது, ஜப்பான் பேச்சு வந்ததிலிருந்து என் ஜாதகத்தை யாரும் கையில் எடுப்பதில்லை. அண்ணிகூட முன்பு மாதிரி குத்திப் பேசுவதில்லை. அண்ணன் மகள் என்னை ‘ஜப்பான் அத்தை’ என்றுதான் கூப்பிடுகிறாள். அதெல்லாம் சரி, ஆனால் உள்ளுக்குள் நான் படும் பாடு யாருக்குத் தெரியும்?

நான் சும்மாவும் இருக்கவில்லை. ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 என்ற ஆரம்ப நிலையை முடித்தேன், டிசம்பரில் அதற்கு அடுத்த என்4 எழுதப் போகிறேன். நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில் வருவதால் வாக்கியம் அமைப்பது சுலபம். கான்ஜி எழுத்துதான் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. போனதும் முதல் வகுப்பில் சுய அறிமுகம் செய்ய வேண்டுமாம். அதற்கு நாற்பது ஸ்லைடு தயார். மலைக்கோட்டை, பூட்டு, பிரியாணி, ஜல்லிக்கட்டு எல்லாம் இருக்கிறது. உதவி ஆசிரியர் என்றால் ஜப்பானிய டீச்சர் பக்கத்தில் டேப் ரெக்கார்டர் மாதிரி நின்று வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று யூடியூபில் சிலர் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் சோர்வாக இருக்கிறது.

நிறுவனத்தின் அலட்சியத்தைத்தான் தாங்க முடியவில்லை. மாதத்துக்கு ஒரு மெயில் போடுகிறேன், ‘தயவுசெய்து காத்திருங்கள்’ என்று அதே பதில். நடுவில் ஜூலையில் ஒரு தடவை போன் செய்து, ஷிமானே என்ற இடத்தில் ஒருவர் பாதியில் போய்விட்டார், அக்டோபரில் சேர முடியுமா என்று கேட்டார்கள். நான் டோக்கியோ பக்கம் கேட்டிருந்தேன், நிஷி கசாய் பகுதியில் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். இது எங்கோ பனி கொட்டுகிற கிராமம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வீட்டில் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. இப்போது அடுத்த ஏப்ரல் என்கிறார்கள். ஒரு மனுஷியின் ஒரு வருடம் இவர்களுக்கு விளையாட்டா?

இந்தக் காத்திருப்பை எப்படித் தாங்குவது மேடம்? அம்மாவையும் அண்ணனையும் எப்படிப் புரிய வைப்பது? நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்கலாமா? இரவில் தூக்கமே வருவதில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். "வீட்டில் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை."

பொடி வாசம் போவதைச் சொல்ல ஒரு பத்தி ஒதுக்கிய நீங்கள், ஜப்பானிலிருந்து வேலைக்குக் கூப்பிட்ட போனை நிறுவனத்தைத் திட்டும் இடத்தில் நடுவில் செருகிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கென்னவோ கடிதமே அந்தப் போனைச் சுற்றித்தான் வருகிறது என்று தோன்றுகிறது.

மார்ச்சில் அவர்கள் செய்தது தவறுதான். வேலையை விட வைத்துவிட்டு இரண்டு வரியில் கைகழுவினார்கள். கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் ஏப்ரலிலிருந்து ஜூலை வரைதான் அவர்கள் உங்களைக் காக்க வைத்தார்கள். ஜூலைக்குப் பிறகு காத்திருப்பது உங்கள் முடிவு. அந்த முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. எடுத்தது நீங்கள்தான் என்பதை மட்டும் சொல்கிறேன். அதை வீட்டிலிருந்து மறைத்துவிட்டு, அம்மா காபியோடு வந்து கேட்கும்போதெல்லாம் "இன்னும் ஒண்ணும் வரலை" என்கிறீர்களே, ராத்திரி தூக்கம் எப்படி வரும்?

பனி, தூரம், டோக்கியோ என்று நீங்கள் சொன்ன காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். ஷிமானே சின்ன இடம்தான். அந்த மாநிலம் முழுக்க ஏழு லட்சம் பேர்கூட இல்லை. உங்கள் திண்டுக்கல் மாவட்ட ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நம் ஆட்களும் அபூர்வம். தயங்கியதில் ஆச்சரியமில்லை. ஆனால் வெறும் ஊர் பிடிக்காமல் வேண்டாம் என்றவர் அதை அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருப்பார். "அம்மா, ஒரு பனிக் காட்டுக்குக் கூப்பிட்டாங்க, முடியாதுன்னுட்டேன்" என்று சிரித்திருப்பார். நீங்கள் மறைத்தீர்கள்.

கொஞ்சம் விலகி ஒரு பழைய கதை. லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் 1890-ல் இதே ஷிமானேயில் உள்ள மட்சுயே ஊருக்கு ஆங்கில ஆசிரியராகப் போனார். அவருக்கும் அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடக் கடைசியில் தெற்கே குமாமோட்டோவுக்கு வேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குள் மட்சுயேவிலேயே குடும்பஸ்தராகியும் விட்டார். (கல்யாணத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தவில்லை.) அவர் குளிரைப் பற்றிக் குறைப்பட்டது அங்கே போய் நடுங்கிய பிறகு. நீங்கள் திண்டுக்கல் வெயிலில் உட்கார்ந்துகொண்டே நடுங்கிவிட்டீர்கள்.

எதற்காக? அதற்கும் பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "ஒரு நல்லது" என்று தொடங்கி. ஜாதகம் பெட்டிக்குள் போய்விட்டது. அண்ணி குத்துவதில்லை. அண்ணன் மகளுக்கு நீங்கள் ‘ஜப்பான் அத்தை’. முப்பது தாண்டியும் கல்யாணமாகாத பெண் ஒரு சின்ன ஊரில் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தனையையும் ஒரே நாளில் நிறுத்திய சொல் ‘ஜப்பான்’. யோசித்துப் பாருங்கள். அந்த நாடு உங்களுக்குத் தர வேண்டியதில் பாதியை, நீங்கள் விமானம் ஏறாமலே தந்துவிட்டது. போகப் போகிறவளுக்கு இருக்கும் மரியாதை, போய்விட்டுத் திரும்பி வந்தவளுக்கு இருக்குமோ என்னவோ. அங்கே போய்ப் பிடிக்காமல் ஆறே மாதத்தில் திரும்பினால் ஜாதகம் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். ஜூலையில் போன் வந்தபோது உங்கள் மனம் போட்ட கணக்கு இதுவாக இருக்கலாம். பனியை அதற்குச் சாக்காகப் பிடித்துக்கொண்டது.

என்னிடம் வருகிறவர்களில் ஏழெட்டு வருடமாக அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் ஹால் டிக்கெட் வந்த பிறகும் பரீட்சைக்குப் போக மாட்டார்கள். படிக்கிறேன் என்று சொல்லும்வரை வீட்டில் ஒரு இடம் இருக்கிறது. ரிசல்ட் வந்துவிட்டால் அந்த இடம் போய்விடும் என்று பயம். அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் நினைத்ததில்லை. உங்களையும் நினைக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அம்மா உங்கள் வாழ்க்கையைப் பொடி டப்பாவில் அளக்கவில்லை. வேலைக்காக நாடு தாண்டிப் போகும் மகளுக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதைத் திருப்பித் திருப்பிச் செய்கிறார். தேதி கேட்பதுகூட நச்சரிப்பாக எனக்குப் படவில்லை. மூன்றாவது தடவை அரைத்தது ஜூலைக்குப் பிறகா? அப்படியானால் நீங்கள் மறுத்துவிட்ட பயணத்துக்காக அவர் வெயிலில் மிளகாய் காய வைத்திருக்கிறார். அண்ணனையும் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். அவமானப்படுத்த நினைப்பவன் கேட்காமலே பணத்தை எடுத்திருப்பான். அவன் வந்து கேட்டான்.

உங்களுடைய இன்னொரு பயத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்த டேப் ரெக்கார்டர் விஷயம். ஒன்பது வருடம் வகுப்பைத் தனியாக ஆண்டவர் நீங்கள், அதில் ஐந்து வருடம் பொதுத்தேர்வுப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். இன்னொருவர் பக்கத்தில் நின்று "ஆப்பிள்" சொல்வது இறக்கமாகத் தெரியத்தான் செய்யும். வேலையின் பெயரிலேயே ‘உதவி’ இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உதவி ஆசிரியர்களை வரவழைக்க ஜப்பான் அரசு நடத்தும் ஜெட் திட்டம் 1987-ல் வந்தபோதும் ஏற்பாடு இதுதான், பாடத்துக்குப் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியர். அதே சமயம், அங்கே தொடக்கப்பள்ளி ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமானது 2020-ல்தான். ஆங்கிலம் எடுக்கவே கூச்சப்படும் வகுப்பாசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். அப்படி ஒருவரோடு உங்களை மாதிரி அனுபவசாலி சேர்ந்தால் டேப் ரெக்கார்டராக மட்டும் நிற்க வேண்டியிருக்காது. ஆனால் யாரோடு சேர்ப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. இதையெல்லாம் எடைபோட்டுவிட்டு, எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் அது கௌரவமான பதில்தான். நாற்பது ஸ்லைடு போட்டிருக்கிறீர்கள், மலைக்கோட்டையும் பூட்டும் பிரியாணியும் இருக்கிறது. உங்கள் வகுப்பறை அதில் எங்கேயாவது இருக்கிறதா? போர்டில் ‘சயோனாரா மிஸ்’ எழுதிய பிள்ளைகளின் படம்? கடிதத்தில் அதை வாசிக்கும்போதுதான் எனக்கு உங்கள் முகம் தெரிந்தது.

சரி, செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்றாலோ இப்போது வேண்டாம் என்றாலோ, அதை ஜப்பானைக் கேடயமாகப் பிடிக்காமல் நேராகச் சொல்லிப் பாருங்கள். அண்ணி முகம் சுளிப்பார்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்ட பிறகும் போக வேண்டும் என்று ஆசை மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சினால் இந்த ஏப்ரலுக்கு எந்த ஊர் வந்தாலும் முதலில் ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். ஆகஸ்டிலும் குளிர்கால விடுமுறையிலும் சம்பளம் முழுசாக உண்டா, காப்பீடு யார் பொறுப்பு என்று கேளுங்கள். தனியார் வழியாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். விசாவுக்கு முன்னால் ஜப்பான் குடியேற்றத் துறையிடமிருந்து வாங்க வேண்டிய தகுதிச் சான்றிதழ் வர ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைந்துவிட வேண்டும். எனவே ஏப்ரல் என்பது அவ்வளவு தூரத்தில் இல்லை. ஜனவரிக்குள் மனதைத் தெரிந்துகொள்ளுங்கள். புகார் கொடுப்பதை அப்புறம் பார்க்கலாம். கொடுத்தால் ஜூலை போனையும் அதில் எழுத வேண்டிவரும்.

ஜூலை போனைப் பற்றி முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், நாளைக் காலை காபியின்போதே. திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அண்ணனிடம் போய், மாடித் தளத்துக்கு அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏப்ரலுக்கு வேண்டுமென்றால் அதற்குள் டியூஷன் எடுத்துக் கொஞ்சம் சேர்க்கலாம், மிச்சத்துக்கு அவனும் ஏதாவது வழி செய்வான். ஐப்பசி மழை விடுகிற மாதிரி தெரியவில்லை, பின்ரூம் ஒழுகுகிறது என்கிறானே.