இசைக் கேள்வி பதில்: ஷோபேனின் ஏ மைனர் வால்ட்ஸ்

கேள்வி: 13 வயதான என் மகள் பியானோ கற்கிறாள், மொரீஷியஸின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக வாய்ப்பாட்டும் பயில்கிறாள். பள்ளி விழாவில் வாசிப்பதற்காக, போலந்து இசையமைப்பாளர் ஷோபேன் இயற்றிய சிறிய ஏ மைனர் வால்ட்ஸை (மூன்றடி நடன இசை) அவளுடைய பியானோ ஆசிரியை தந்திருக்கிறார். சுரம் எதுவும் தவறுவதில்லை. ஆயினும் 'இன்னும் வால்ட்ஸ் ஆகவில்லை' என்கிறார் ஆசிரியை. 'நம் ஊர் நடன இசையான சேகா மாதிரி இருக்கிறது' என்கிறார் என் மாமியார். குறை எங்கே இருக்கிறது?
— வாசகி, ரோஸ்ஹில்

பதில்: தங்கள் மாமியாரின் காது தவறவில்லை. வால்ட்ஸின் ஒரு கட்டத்தில், அதாவது ஒரு தாளச் சுற்றில், மூன்று அடிகள் உண்டு. ஒவ்வோர் அடியையும் இரண்டாகப் பிரித்தால் ஆறு சிற்றடிகள் கிடைக்கும். ரவான் என்னும் பறை முழங்கும் சேகாவிலும் சிற்றடிகள் ஆறுதான், ஆனால் அவை மும்மூன்றாகச் சேர்ந்து இரண்டு அடிகளாகின்றன. இத்தீவில் வளரும் பிள்ளைகளின் உடலில் அந்த இரண்டடி அசைவு ஊறியிருப்பதால், வலது கையில் சிறு சுரங்கள் தொடர்ந்து ஓடும் இடங்களில் நான்காம் சிற்றடியின் மீது அவர்களை அறியாமலே ஓர் அழுத்தம் விழுந்துவிடுகிறது. தங்கள் மகளுக்குச் சொற்கட்டு தெரிந்திருக்கும். அவள் இப்போது 'தகிட தகிட' என்று வாசிக்கிறாள்; 'தக தக தக' என்று வாயால் சொல்லிக்கொண்டே அந்த இடங்களை மெதுவாக வாசிக்கட்டும்.

இதைச் சரிசெய்த பின் அடுத்த சிக்கல் எழும்: மூன்று அடிகளும் ஒரே கனத்தில் விழுந்தாலும் அது வால்ட்ஸ் ஆகாது. இடது கை முதல் அடியில் தாழ்ந்த சுரம் ஒன்றையும், அடுத்த இரண்டு அடிகளில் மேலே உள்ள சுரக்கூட்டுகளையும் (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) வாசிக்கிறது. தாழ்ந்த சுரத்துக்குக் கையின் எடை முழுவதும் இறங்க வேண்டும். சுரக்கூட்டுகளை விரல்கள் கட்டையை விட்டு எழாமல் மெல்லத் தொட்டாலே போதும், மூன்றாவது இரண்டாவதைவிடவும் மென்மையாக இருக்கலாம். சில நாள்கள் சுரக்கூட்டுகளை அறவே விட்டுவிட்டு, தாழ்ந்த சுரங்களையும் வலது கை மெட்டையும் மட்டும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாழ்ந்த சுரங்கள் ஒன்றோடொன்று இணைந்து தாமே ஒரு மெட்டாக நடப்பது அப்போது காதில் விழும். நான்கு கட்டங்களை ஒரே மூச்சில் பாடுவதுபோல் வாசிக்கவும் அது பழக்கும்.

வியன்னா இசைக்குழுக்கள் வால்ட்ஸின் இரண்டாம் அடியைச் சற்று முந்தித் தொடுவது வழக்கம். அதை இங்கே பின்பற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஷோபேன் 1830–31 குளிர்காலத்தை வியன்னாவில் கழித்தபோதும் அவ்வூர் நடன இசை அவருக்கு ஒட்டவில்லை. அவருடைய வால்ட்ஸ்கள் பெரும்பாலும் ஆடுவதற்காக அன்றி, அமர்ந்து கேட்பதற்காகவே எழுதப்பட்டவை. அவர் வாழ்நாளில் வெளியிட்டவை எட்டு. தங்கள் மகள் வாசிப்பது 1849-இல் அவர் இறந்த பின்னரே அச்சேறியது.

தொடக்கப் பகுதியில் கீரவாணி ராகத்தின் சாயல் இருக்கிறது. பிற்பகுதியில் ஆதார சட்ஜம் மாறாமலே ஏ மேஜர், அதாவது சங்கராபரணம், வருகிறது. அந்த மாற்றத்தை அவள் முதலில் வாயால் பாடிப் பார்க்கட்டும். காந்தாரம் உயர்வதைத் தொண்டை உணர்ந்துவிட்டால், விரல் தானாகவே வேறு நிறத்தில் தொடும். ஒலியை நீட்டிக்கும் பெடலைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முதல் அடியிலும் புதிதாக அழுத்தி, மூன்றாம் அடிக்குள் எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: ஒலிப்பதிவுகளில் பெரிய கலைஞர்கள் இதே வால்ட்ஸை ஓரிடத்தில் தயங்கியும் ஓரிடத்தில் விரைந்தும் வாசிக்கிறார்கள். அது காலப்பிரமாணத்தைக் கெடுப்பது ஆகாதா?
— மாணவர், கியூர்பிப்

பதில்: ஆகாது; ஆனால் அந்தச் சுதந்திரம் வலது கைக்கு உரியது. ஷோபேனின் பியானோ மீது தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோம் எப்போதும் இருந்ததாகவும், அவர் இடது கையைக் கண்டிப்பாகத் தாளத்தில் நிற்கச் செய்ததாகவும் அவருடைய மாணவர் கரோல் மிகுலி எழுதியிருக்கிறார். தாளம் போடுபவர் பிசகாமல் இருக்க, பாடுபவர் அதன்மேல் சற்றுப் பின்தங்கியும் முந்தியும் நிரவல் செய்வதை நாம் கச்சேரிகளில் கேட்டுப் பழகியவர்கள்தாமே. ஆகவே இடது கையை மட்டும் மெட்ரோனோமுடன் தனியே வாசியுங்கள். அது நிலைபெறும் வரை வலது கையில் எந்தத் தயக்கத்தையும் சேர்க்காதீர்கள். நிலைபெற்ற பிறகும், மெட்டு உச்சியைத் தொடும் ஓரிரு சுரங்களில் மட்டும் நிதானித்தால் போதும்.