கோலாலம்பூர் அலுவலகத்தில் தீபாவளி விருந்து: எல்லாரும் மனநிறைவோடு சாப்பிட என்ன செய்யலாம்?

மலாய், சீன, தமிழ் ஊழியர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் யாரும் ஒதுங்கி நிற்காதபடி எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஹலால் சான்றிதழைப் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற பலகை ஹலால் ஆகாது. மாட்டிறைச்சியை அடியோடு விடுங்கள். இந்துக்கள் பலரும், கருணைத் தெய்வமான குவான் யின்னை வணங்கும் சீனர்கள் பலரும் அதைத் தொடமாட்டார்கள்.

சைவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சைவ உணவு உண்ணும் சீன பௌத்தர்கள் பலர் வெங்காயம், பூண்டையும் தவிர்ப்பார்கள். பருப்பில் ஒரு பாத்திரத்தை மட்டும் அவை இரண்டும் இல்லாமல் சீரகம், கறிவேப்பிலை போட்டுத் தாளித்துத் தனிக் கரண்டியோடு வையுங்கள். கரண்டி மாறினால் பட்ட பாடு வீண்.

வெள்ளிக்கிழமை என்றால் தொழுகை முடிந்து, 3 மணிக்கு மேல் தொடங்குங்கள். கோலம் போட எல்லாரையும் கூப்பிடலாம். விளக்கேற்ற யாரையும் வற்புறுத்தாதீர்கள்.